ஆறு மீட்டர் விட்டம்

அத்தியாயம் ஏழு

பிற்பகல் இரண்டரை மணிக்குப் பேராசிரியர் தம் கரும்பலகையை ஈரத்துணியால் மும்முறை துடைத்தார். திருமேனியைத் துடைப்பவரின் பயபக்தி அவர் கையில் இருந்தது. மாலை ஐந்து மணிக்கு ஒரு மனிதன் சிறைக்குப் போகவிருந்தான். அவனை அங்கே அனுப்பிவைப்பது, நேற்று இதே பலகையில் பிறந்த ஆறு வரிக் கணக்கு. அதை மறுபடியும் எழுதிக்காட்டுமாறு கேட்டு வந்து அமர்ந்திருந்தவர் செம்மையார்.

அது பெற்றோர் இட்ட பெயரன்று. பள்ளி இறுதித் தேர்வின் இயற்பியல் விடைத்தாள்களை இருபத்திரண்டு ஆண்டுகள் சிவப்பு மையால் திருத்திய ஆசிரியை அவர். சிவப்பு மை செம்மையாகி, மரியாதை விகுதியும் ஏறிச் செம்மையார் ஆனார். ஓய்வு பெற்றபின் துப்பறியத் தொடங்கினார். தொழில் மாறவில்லை, மாணவர்கள்தாம் சற்று வயதானவர்களாக மாறினார்கள் என்பார்.

அவர் பின்னாலேயே திரியும் உதவியாளருக்கு ஊரார் வைத்த பெயர் வால். நாற்பத்து மூன்று வயது, பளபளக்கும் வழுக்கை, பதினெட்டு ஆண்டுகள் பேருந்து நடத்துநர். பேருந்தை விட்டு இறங்கிய பிறகும் வாய் மட்டும் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

வழக்கு இதுதான். ஐந்து நாள்களுக்கு முன், பொழுதுபோக்குப் பூங்காவின் கூடை ராட்டினத்திலிருந்து ஒரு கூடை கழன்று ஓடியது. நடுத்தூணிலிருந்து நான்கு புறமும் நீளும் நான்கு கைகள். ஒவ்வொரு கையின் நுனியிலும், அடியில் சக்கரம் பூட்டிய ஒரு கூடை. கையையும் கூடையையும் பிணைப்பது ஒற்றை இரும்பு ஆணி. அந்த ஆணி அறுந்தது. கூடையில் வீற்றிருந்தவர்கள் பூங்கா மேலாளரின் மாமனாரும் மாமியாரும். மாமியாருக்கு மணிக்கட்டு முறிந்தது. மாமனாரின் பொய்ப்பற்கள் பக்கத்துப் பூந்தொட்டியில் சிரித்தபடி கிடந்தன.

ராட்டினத்தைப் பழுதுபார்க்கும் ஃபிட்டர், அதற்கு இரண்டு நாள் முன்பு மேலாளரிடம், “அறுந்து விழும், பாருங்க!” என்று கத்தியதை மட்டும் பத்துப் பேர் கேட்டிருந்தார்கள். ஆணி தானாக அறுந்திருக்க முடியாது, யாரோ அரத்தால் ராவியிருக்க வேண்டும் என்று பேராசிரியரின் கணக்கு சொன்னது. அரம் வைத்திருப்பவன் ஃபிட்டர். காவல் ஆய்வாளருக்கு வேறென்ன வேண்டும்? ஃபிட்டரின் அக்காள் அழுதுகொண்டே செம்மையாரிடம் வந்தாள்.

“நிறை இருநூறு கிலோ” என்று தொடங்கினார் பேராசிரியர். “கூடை அறுபது. அந்த ரெண்டு பேரும் சேர்ந்து நூத்தி நாப்பது.”

“மாமியார் மட்டும் எவ்வளவு சார்?” என்றார் வால்.

“அது கணக்குக்குத் தேவையில்லை.”

“குடும்பத்துக்குத் தேவைப்படும் சார்.”

பேராசிரியர் காதில் வாங்கவில்லை. “சுத்து, நிமிஷத்துக்குப் பதினஞ்சு. விட்டம் ஆறு மீட்டர். அதனால ஆரம் மூணு. நிறையை ஆரத்தால பெருக்கி, சுத்துற கோணவேகத்தோட வர்க்கத்தால பெருக்கினா மையநோக்கு விசை. வட்டத்துல சுத்துற பொருளை வெளியே ஓடவிடாம உள்ளே இழுத்துப் பிடிக்கிற விசை. அதை இங்க குடுக்கறது அந்த ஆணி.”

வால் பழைய பயணச்சீட்டு ஒன்றின் பின்புறத்தில் விறுவிறுவென்று பெருக்கினார். “இருநூறு, மூணு, பதினஞ்சு, திரும்பவும் பதினஞ்சு… மேடம்! ஒரு லட்சத்து முப்பத்தஞ்சாயிரம்! ஆணி என்ன, தூணே பிடுங்கிட்டுப் போயிருக்கணுமே!”

“ஒரு லட்சத்து முப்பத்தஞ்சாயிரம் என்ன?” என்றார் செம்மையார்.

“விசை.”

“எந்த அலகுல?”

“அது வந்து… பெரிய அலகுல.”

“நிமிஷத்தை ஒரு பக்கம், மீட்டரையும் கிலோவையும் இன்னொரு பக்கம் வச்சுக் கலந்தா வர்றதுக்குப் பேரு விடை இல்லை, கூட்டாஞ்சோறு. எல்லாத்தையும் ஒரே குடும்பத்துக்குக் கொண்டு வாங்க. மீட்டர், கிலோ, வினாடி. நிமிஷத்துக்குப் பதினஞ்சு சுத்துன்னா ஒரு சுத்துக்கு எவ்வளவு நேரம்?”

“நாலு வினாடி.”

“ஒரு முழுச் சுத்துங்கறது ஆறே கால் ரேடியனுக்குக் கொஞ்சம் மேல. அதை நாலால வகுங்க.”

“ஒன்னு புள்ளி அஞ்சு ஏழு.”

“அதை அதாலயே பெருக்குங்க. ரெண்டு புள்ளி நாலு ஏழு வரும். ஆரம் மூணு, நிறை இருநூறு.”

“ஆயிரத்து நானூத்தி எண்பது.” வால் தலையைச் சொறிந்தார். “நியூட்டன். கேக்கறதுக்கு முன்னாடியே சொல்லிட்டேன்.”

“ஆணி இருநூறு கிலோ எடை தாங்கும்னு முத்திரை போட்டிருக்கு” என்றார் பேராசிரியர் பெருமிதத்தோடு. “சாதாரண ஆளு அதைக் கிலோவாவே விட்டுடுவான். நான் விடலை. ஒன்பது புள்ளி எட்டால பெருக்கி அதையும் நியூட்டன் ஆக்கினேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபது. வந்த விசை ஆயிரத்து நானூத்தி எண்பதுதான். ஆணி தாங்கியிருக்கணும். தாங்கலைன்னா?”

“ராவியிருக்காங்க.”

“அதேதான்.”

செம்மையார் எழுந்து பலகையருகே சென்று ஒவ்வொரு வரியாக அலகிட்டுப் பார்த்தார். யாப்பறிந்த புலவர் வெண்பாவைச் சீர் சீராகப் பிரிப்பது போலவே இருந்தது அந்தக் காட்சி. சீர் பிறழவில்லை, தளை தட்டவில்லை, வாய்பாடு பிசகவில்லை. அவர் கையில் திறந்திருந்த சிவப்புப் பேனா, திருத்த ஓரெழுத்தும் கிட்டாமல் மறுபடி மூடிக்கொண்டது. தளை தட்டாத வெண்பாக்களில் பொருளே இல்லாதவை எத்தனையோ உண்டு என்பது மட்டும் அவருக்கு ஆறுதலாக இருந்தது.

“ராட்டினத்தை நேர்ல பார்த்தீங்களா?”

“எதுக்கு? கிரகத்தையெல்லாம் நேர்ல போய்ப் பார்த்தா கணக்குப் போடறோம்?”

“கிரகத்துக்கு பஸ் இல்லை சார்” என்றார் வால். “பூங்காவுக்கு இருக்கு. பதினாலாம் நம்பர்.”

பேராசிரியர் வெறுப்போடு ஒரு துண்டுச் சீட்டை நீட்டினார். “ஃபிட்டரோட பராமரிப்பு நோட்டுல இருந்து இன்ஸ்பெக்டரே பார்த்து எழுதிக் குடுத்தது. இதுக்கு மேல என்ன பார்க்கணும்?”

சீட்டில் நான்கு வரிகள் இருந்தன. ஒன்று: விட்டம் ஆறு மீட்டர். இரண்டு: சுற்று, நிமிடத்துக்குப் பதினைந்து. மூன்று: ஆணி, இருநூறு கிலோ. ஐந்து: கூடை நான்கு.

செம்மையாரின் விரல் மூன்றுக்கும் ஐந்துக்கும் நடுவே நின்றது. “நாலு எங்கே?”

*

ஆய்வாளர் தொலைபேசியில் ஒளிக்காமல் சொன்னார். “நாலாவது வரியா? அதுல நம்பரே இல்லம்மா, ஏதோ எழுத்தா இருந்துச்சு. கணக்குக்கு எழுத்து எதுக்குன்னு விட்டுட்டேன். நோட்டா? அது பட்டறையிலேயே தொங்குது. அஞ்சு மணிக்கு ஆளை மாஜிஸ்ட்ரேட் முன்னாடி நிறுத்தணும். என்னைக் கொஞ்சம் வேலை பார்க்க விடுங்க.”

பதினாலாம் எண் பேருந்து அவர்களைப் பூங்கா வாயிலில் உதிர்த்தபோது மணி மூன்றேகால். வாயிலிலேயே மேலாளர் நின்றிருந்தார். இஸ்திரி கலையாத சட்டை. அதைவிட இஸ்திரி கலையாத முகம்.

“ராட்டினம் எங்கே?” என்றார் செம்மையார்.

“மறுநாளே கழட்டிட்டேம்மா. சனங்களோட பாதுகாப்புதான் எனக்கு முக்கியம். அறுந்த ஆணியோட சேர்த்து சாமானெல்லாம் பழைய இரும்புக் கடைக்குப் போயிடுச்சு.”

“தரை?”

“புதுசா சிமெண்ட் பூசியிருக்கோம். பார்க்க அழகா இருக்கட்டுமேன்னு.”

வால் பார்த்தது மட்டுமில்லாமல் அதன் மேல் நடந்தும் போயிருந்தார். ஈரச் சிமெண்டில் அவரது வலது செருப்பு, சிலை வைத்தாற்போல் நிலைபெற்றுவிட்டது. “அழகா இருக்கு சார்” என்றார் ஒற்றைக் காலில் நின்றபடி. “ஆனா இன்னும் என்னை விட மாட்டேங்குது.”

மேலாளர் சிரிக்கவில்லை. அலுவலகத்துள் அழைத்துப் போய்ச் சுவரில் சட்டமிட்டு மாட்டியிருந்த உரிமத்தைக் காட்டினார். மூன்றாண்டுக்கு முன் வழங்கியது. ‘கூடை ராட்டினம். விட்டம்: 6 மீட்டர்’ என்று முத்திரையுடன் இருந்தது.

“மூணு வருஷமா ஒரு திருகாணியைக்கூட மாத்தலை. இதையே இன்ஸ்பெக்டருக்கு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கேன். உரிமத்துலயும் ஆறு, அந்த ஃபிட்டர் நோட்டுலயும் ஆறு. அவனே ஒத்துக்கிட்டான்மா! ‘விட்டம் ஆறு மீட்டர்தானே’ன்னு இன்ஸ்பெக்டர் கேட்டாரு, ‘ஆமாங்கய்யா’ன்னான்.”

“அந்த வாரம் ராட்டினத்துல யார் யார் ஏறினாங்க?”

“பள்ளிக்கூட லீவு. எல்லாம் சின்னப் பசங்க. ஞாயித்துக்கிழமைதான் எங்க மாமனார் மாமியார் வந்தாங்க. பெரியவங்கன்னா அவங்கதான் முதல்.” மேலாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கண்ணில் துடைப்பதற்கு ஏதும் இருக்கவில்லை.

பட்டறை ஒரு தகரக் கொட்டகை. சுவரில் திருப்பிகளும் சுத்தியல்களும் அளவு வரிசையில் தொங்கின. ஒவ்வொன்றின் பின்னாலும் சுவரில் அதன் உருவம் கரியால் வரையப்பட்டிருந்தது. எடுத்ததை எடுத்த இடத்தில் வைக்கத் தெரிந்த மனிதனின் பட்டறை. அந்த வரிசையின் கடைசியில் நோட்டுப் புத்தகம் தொங்கியது. விபத்துக்கு முந்தைய திங்கட்கிழமைத் தேதியிட்டு ஐந்து வரிகள். நாலாவதை வால் உரக்கப் படித்தார்.

“‘விட்டத்துக்குப் பச்சை பெயிண்ட், ரெண்டு கோட்டிங்.’ அவ்வளவுதான் மேடம். பெயிண்ட் அடிச்சிருக்காரு. இதுக்கா என் செருப்பைப் பலி குடுத்தோம்?”

செம்மையார் அந்த வரியைத் தாமே ஒரு முறை படித்தார். பிறகு, இருபத்திரண்டு ஆண்டுத் திருத்துநர் வாழ்வில் ஒரு முறையும் சிரித்திராத சிரிப்பொன்று சிரித்தார்.

“நோட்டை எடுத்துக்கோங்க. ஸ்டேஷனுக்குப் போகலாம். பேராசிரியருக்கும் போன் போடுங்க. வரும்போது சாக்பீஸ் எடுத்துட்டு வரச் சொல்லுங்க.”

*

காவல் நிலையத்தில் நாலரை மணிக்குச் சபை கூடியது. ஆய்வாளர் நடுநாயகமாக வீற்றிருந்தார். கையெழுத்திட வந்த பேராசிரியரும் மேலாளரும் வலப்புறம். வாக்குமூலம் கொடுக்க அழைக்கப்பட்ட மாமியார், மாவுக்கட்டுக் கையை மடியில் வைத்தபடி இடப்புறம். இரண்டு மணி நேரமாகக் காத்திருந்தும், அடிபட்டவருக்கு ஓய்வு வேண்டும் என்று சொல்லி ஒருவரும் அவரை ஒரு கேள்வியும் கேட்கவில்லை. மூலையில் ஃபிட்டர் நின்றான். வெளியே பெஞ்சில் அவன் அக்காள்.

“பேராசிரியரே, இந்த நாலாவது வரியை எல்லாருக்கும் கேக்கற மாதிரி படிங்க” என்றார் செம்மையார்.

“விட்டத்துக்குப் பச்சை பெயிண்ட், ரெண்டு கோட்டிங்.”

“விட்டம்னா என்ன?”

“வட்டத்தோட மையம் வழியா, ஒரு விளிம்புல இருந்து எதிர் விளிம்புக்குப் போற நேர்கோடு. வெறும் அளவு.”

“அதுக்கு ரெண்டு கோட்டிங் பெயிண்ட் அடிச்சுக் காட்டுங்க.”

பேராசிரியர் தம் கையிலிருந்த சுண்ணக்கட்டியைப் பார்த்துக்கொண்டார்.

“இல்லாத கோட்டுக்கு யாரு சார் பெயிண்ட் அடிப்பா?” என்றார் வால். “அதுவும் பச்சையா!”

செம்மையார் மூலையை நோக்கித் திரும்பினார். “தம்பி, நீங்க சொல்லுங்க. விட்டம்னா என்ன?”

ஃபிட்டர் மிரண்டு அங்குமிங்கும் பார்த்தான். பிறகு ஆய்வாளரின் தலைக்கு நேர் மேலே கை நீட்டினான். கூரையைத் தாங்கிச் சுவருக்குச் சுவர் ஓடிக்கொண்டிருந்தது ஒரு பருத்த உத்தரம். “இதோ இருக்கே மேடம். இதுதான் விட்டம். ராட்டினத்துலயும் கூடையைப் பிடிச்சிருக்கிறது நாலு விட்டம்தானே?”

அத்தனை தலைகளும் அண்ணாந்தன. மூன்றாண்டுகளாக அதன் கீழேயே உட்கார்ந்து எழுதிய ஆய்வாளர், அன்றுதான் அதைப் பார்ப்பவர் போலப் பார்த்தார்.

“பட்டறைக்காரனுக்கு விட்டம்னா தலைக்கு மேல இருக்கற உத்தரம். உங்களுக்கு விட்டம்னா வட்டத்துக்கு நடுவுல போற கோடு” என்றார் செம்மையார். “இவரு எழுதினது கையோட நீளம். தூணுல இருந்து கூடை வரைக்கும் ஆறு மீட்டர். அதாவது ஆரமே ஆறு! நீங்க அதைப் பாதியா வெட்டி மூணு ஆக்கிட்டீங்க. நிமிஷத்தை வினாடி ஆக்கினீங்க, சுத்தை ரேடியன் ஆக்கினீங்க, கிலோவை நியூட்டன் ஆக்கினீங்க. ஒரு தமிழ்ச் சொல்லை மட்டும் யாரோட சொல்லுன்னு விசாரிக்கலை.”

வால் பேராசிரியரின் கையிலிருந்த சுண்ணக்கட்டியைப் பறித்து, நிலையத்துப் பலகையில், தேடப்படும் குற்றவாளிகளின் படங்களுக்குக் கீழே எழுதினார். “ரெண்டு புள்ளி நாலு ஏழு, ஆறு, இருநூறு. ரெண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபது. நியூட்டன்! ஆணி தாங்கறது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபது. ஆயிரம் கூடுதல். அறுந்துதான் ஆகும். ராவ வேண்டியதே இல்லை.”

“அப்ப முழு வாரம் எப்படி ஓடுச்சு?” ஆய்வாளர் விடவில்லை.

“சின்னப் பசங்க சார். கூடை அறுபது, ரெண்டு பசங்க அறுபது, மொத்தம் நூத்தி இருபது கிலோ. ஆயிரத்து எழுநூத்தி எண்பது நியூட்டன்கூட வரலை. ஆணி பல்லைக் கடிச்சுக்கிட்டுத் தாங்கிடுச்சு. பெரியவங்க ஏறினதும் பல்லு போச்சு.” வால் மாமியார் பக்கம் திரும்பிக் கைகூப்பினார். “ஐயாவோட பல்லைச் சொல்லலைங்கம்மா.”

“பேராசிரியர் கணக்குல பிழையே இல்லை” என்றார் செம்மையார். “ஆனா அது போன மாசத்து ராட்டினத்தோட கணக்கு. பழைய கை எவ்வளவு தம்பி?”

“மூணு மீட்டருங்க. அதை இறக்கிட்டுத்தான் ஆறு மீட்டர் ஏத்தினோம். கை நீண்டுடுச்சு, சுத்தைக் குறைங்க, இல்ல பெரிய ஆணி வாங்குங்க, பெரியாளுங்க ஏறினா அறுந்து விழும் பாருங்கன்னு கத்தினேன். ஐயாகிட்டயும் முதல் நாளே சொன்னேன், பழைய விட்டத்தை இறக்கிட்டுப் புது விட்டம் ஏத்தினோம்னு.”

ஆய்வாளரின் முகம் சிவந்தது. “ஆமா சொன்னான். விட்டத்தை எப்படிடா ஏத்தறது இறக்கறது, உளர்றான்னு நெனச்சேன்.”

கையோ மூன்று, வட்டத்தின் குறுக்களவோ ஆறு: உரிமம் சொன்னது பழைய ராட்டினத்தை. கையே ஆறு: நோட்டு சொன்னது புதியதை. இரண்டு ஆறுகளும் ஒத்துப்போவதைக் கண்ட மேலாளர், தன்னைக் காக்கும் அந்த நோட்டுத் தாளைக் கிழிக்காமல் விட்டதில் வியப்பில்லை.

ஆயினும் மேலாளரின் முகத்தில் இஸ்திரி இன்னும் கலையவில்லை. அவர் மெல்ல எழுந்தார்.

“சரி, கையை மாத்தியிருக்கான். ஆனா யாரு மாத்தச் சொன்னது? எனக்கு ஒண்ணும் தெரியாது சார். இவனா இஷ்டத்துக்குப் பெரிசாப் போட்டிருக்கான். கேளுங்க, நான் எழுத்துல உத்தரவு குடுத்தேனா?”

ஆய்வாளர் ஃபிட்டரைப் பார்த்தார். “குடுத்தாரா?”

“வாயாலதான் சொன்னாருங்க.”

“சாட்சி?”

ஃபிட்டரின் தலை தொங்கியது. வால் கடிகாரத்தைப் பார்த்தார். நாலே முக்கால். விடுதலை வாசல் வரை வந்தவன் மறுபடி உள்ளே தள்ளப்பட்டான். முன்பு சதிகாரன், இப்போது பொறுப்பற்றவன், பெயர்தான் மாறியது. வெளியே பெஞ்சிலிருந்து அக்காள் எழுந்து நின்றாள்.

செம்மையார் இடப்புறம் திரும்பினார். “அம்மா, உங்களை யாராவது ஏதாவது கேட்டாங்களா?”

“ஒருத்தரும் கேக்கலை” என்றார் மாமியார். “கை எப்படி இருக்குன்னுகூடக் கேக்கலை.”

“ராட்டினத்துல ஏறும்போது மாப்பிள்ளை என்ன சொன்னாரு?”

“அத்தை, உங்களுக்கு ஓய்வு வேணும்” என்று குறுக்கிட்டார் மேலாளர்.

“அஞ்சு நாளா ஓய்வுலதான் இருக்கேன் மாப்பிள்ளை, நீங்க உக்காருங்க.” மாமியார் ஆய்வாளரிடம் திரும்பினார். “எனக்குப் பயமா இருக்கு, வேண்டாம்னேன். இவருதான், ‘அத்தை, நானே சொல்லி ரெண்டு மடங்கு பெரிசாக்கியிருக்கேன், ஆனா வேகத்தைக் குறைக்க விடலை, பறக்கற மாதிரி இருக்கும், ஏறுங்க’ன்னாரு. அந்த ஃபிட்டர் தம்பி ஓடி வந்து, பெரியவங்க வேண்டாம்னு கூடையைப் பிடிச்சாரு. இவரு அவரைப் பிடிச்சுத் தள்ளிட்டு, அவரே கையால பொத்தானை அமுக்கினாரு. சொன்ன மாதிரியே பறந்தோம். மாப்பிள்ளை வாக்குத் தவறலை.”

இஸ்திரி கலைந்தது. “அத்தை, குடும்ப விஷயத்தை…”

“பல்லு போனது குடும்ப விஷயம். தள்ளினது போலீஸ் விஷயம். என் பொண்ணுகிட்ட நானே பேசிக்கறேன்.”

‘மூன்றாண்டுகளாக ஒரு திருகாணியும் மாற்றப்படவில்லை’ என்று மேலாளர் கையொப்பமிட்ட தாளை ஆய்வாளர் கோப்பிலிருந்து உருவினார். அதைப் படித்தார், மேலாளரைப் பார்த்தார், ஏட்டையாவைக் கூப்பிட்டு, மூலையில் ஃபிட்டர் நின்ற இடத்தைக் காட்டினார். இஸ்திரிச் சட்டை அங்கே போய் நின்றது. பேராசிரியர் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் வாசலை நோக்கி நகர்ந்தார். வட்டப் பாதையிலிருந்து கழன்ற பொருள் தொடுகோட்டின் வழியே செல்லும் என்னும் விதிக்கு அவரும் விலக்கல்லர்.

ஐந்து மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் விடுவிப்புக் கடிதம் தயாராயிற்று. ஆய்வாளர் அதை நீட்டிப் பேனாவையும் கொடுத்தார்.

“கையெழுத்துப் போட்டுட்டுக் கிளம்புப்பா.”

ஃபிட்டர் பேனாவை வாங்கினான், கையெழுத்திடவில்லை. தாளை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், முதல் வரியில் விரலை வைத்தான்.

“வாடா, வீட்டுக்குப் போகலாம்” என்று வாசலிலிருந்து அக்காள் கெஞ்சினாள்.

“இருக்கா. அஞ்சு நாளா எல்லாத்துக்கும் ஆமாங்கய்யான்னேன்.” அவன் விரல் நகர்ந்து ஒரு சொல்லில் நின்றது. “ஐயா, ‘மேற்படி நபர்’னு போட்டிருக்கீங்களே. மேற்படின்னா எந்தப் படிங்கய்யா? நான் எந்தப் படியும் ஏறலையே?”

“அது ஒண்ணுமில்லைப்பா. மேல சொன்ன ஆளுன்னு அர்த்தம்.”

“மேலன்னா எங்கே? எந்த வரியில? ‘அன்னார்’னா யாருங்க? அவரும் நானும் ஒரே ஆளா?”

ஆய்வாளர் தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். ஒரு நாற்காலியை இழுத்து ஃபிட்டரின் பக்கத்தில் போட்டு உட்கார்ந்து, முதல் வரியிலிருந்து, சொல் சொல்லாக, பொருள் சொல்லத் தொடங்கினார்.